ரசீதில் இருந்த மயக்க வாயு

எங்கள் வளர்ப்புப் பன்றி முத்துவுக்குத் தொப்புளில் குடலிறக்கம். எலுமிச்சை அளவில் இருந்த வீக்கம் தேங்காய் மூடி அளவுக்கு வந்ததும், வேலூரில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நாயும் பூனையும்தான் அங்கே அதிகம். "பன்றியும் நாய் மாதிரிதான் அம்மா, பயப்படாதீர்கள்" என்றார்கள். அந்தப் பேச்சிலேயே நான் திரும்பியிருக்க வேண்டும்.

எடை போடவில்லை. கண்ணால் பார்த்தே "நாற்பது கிலோ" என்றார்கள். (பிறகு பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்தினேன், 62.) முந்தின இரவே தீனியை நிறுத்தச் சொல்லவும் இல்லை. நானும் பாசத்தில் காலையில் ராகிக் கூழ் ஊற்றியிருந்தேன்.

தொடையில் சின்ன ஊசியால் குத்தினார்கள். பன்றிக்குத் தோலுக்கடியில் கொழுப்பு தடிமன். காதுக்குப் பின்னால், கழுத்துத் தசைக்குள் நீள ஊசியால் போடாவிட்டால் மருந்து கொழுப்பிலேயே தங்கி, மெதுவாகத்தான் ஏறும். முத்து மயங்கவில்லை. இன்னொரு ஊசி, அப்புறம் இன்னொன்று. மூன்றும் சேர்ந்து பிறகு வேலை காட்டின.

தையல் போட்ட அரை மணியில் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். கத்திரி வெயில், பகல் ஒரு மணி. கிரீன் சர்க்கிளில் வண்டி நின்றபோது கூழ் மூக்கு வழியாக வந்தது. என் புடவைத் தலைப்பால் துடைத்தேன். காது அடுப்புக்கல் போலச் சுட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்த ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரின் தெர்மாமீட்டர் 106 காட்டியது. அவருடைய முதல் கேள்வி: "மயக்க வாயு கொடுத்தார்களா?" சில பன்றிகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டாம், அந்த வாயு பட்டதும் தசை விறைத்து, உடம்பு கொதித்து, உயிரே போய்விடுமாம். ரசீதை நீட்டினேன். "மயக்க வாயு – ரூ. 3,500." ஆனால் நான் கதவருகிலேயே நின்றிருந்தேன். அந்த அறையில் சிலிண்டரே இல்லை, மூக்கில் முகமூடி வைக்கவும் இல்லை. நான் மட்டும் வெளியே உட்கார்ந்திருந்தால், அந்தப் பொய்யை நம்பித்தானே அவர் வைத்தியம் பார்த்திருப்பார்?

ஈரச் சாக்கு, மின்விசிறி. பக்கவாட்டில் கிடந்தவனை மார்பு தரையில் படும்படி திருப்பி வைத்தார். தானாக எழுந்து நிற்கும்வரை எங்கள் இன்னொரு பன்றியை அருகில் விடக் கூடாது, தள்ளாடுகிறவனைக் கடிக்கும் என்றார். இரவு ஒன்பதுக்கு எழுந்தான்.

மறுநாள் ரசீதோடு போனேன். "கையெழுத்து உங்களுடையதுதானே?" என்றார்கள்.

தையல் ஒரு பக்கம் விட்டிருக்கிறது. அடுத்த வாரம் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறோம், இரும்புக் கடைச் சீட்டோடு.