கதை எழுத அறிவியல் நிகழ்ச்சிகள்: நீண்ட நாள் பார்த்ததில் தேறியவை

விண்வெளிக் கதை எழுதுகிறவர்கள் 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய நேரலைப் பதிவை ஒருமுறையாவது முழுதாகப் பார்த்துவிடுங்கள். இடம் நம்ம பெங்களூர், பீன்யாவில் இருக்கும் இஸ்ரோ கட்டுப்பாட்டு அறை. சுமார் 30 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 1.68 கி.மீ. வேகத்தில் தொடங்கிய இறக்கம் ஏறத்தாழ 19 நிமிடத்தில் முடிகிறது. அவ்வளவு நேரமும் அறையில் இருந்தபடி யாரும் கலத்தை ஓட்டவில்லை, லேண்டர், அதாவது தரையிறங்கும் கலம், தானே முடிவெடுத்து இறங்குகிறது. நிலவிலிருந்து சிக்னல் வந்து சேரவே 1.3 நொடி ஆகும். எல்லோரும் திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கட்டம் முடிந்தால் கைதட்டல், மறுபடி மௌனம். "இடப்பக்கம் திருப்பு!" என்று தலைமை விஞ்ஞானி கத்தும் காட்சி ஏன் ஒட்டுவதில்லை என்று அப்போது புரியும். பதற்றம் முழுக்க அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

எங்கள் அனுபவத்தில் மிக அதிகம் கைகொடுப்பது, சோதனை சொதப்புவதையும் காட்டும் நிகழ்ச்சி. பரவலான நம்பிக்கைகள் உண்மையா என்று சோதித்துப் பார்க்கும் டிவி தொடர், 2003இல் தொடங்கிய மித்பஸ்டர்ஸ், அந்த வகை. முதலில் சிறிய அளவில் செய்து பார்ப்பார்கள், பிறகு நிஜ அளவில். குண்டு பட்டவர் பின்னால் பறந்து விழுவதில்லை என்று அதில் பார்த்ததும் கணக்கையும் போட்டுவிடுங்கள்: 8 கிராம் குண்டு, நொடிக்கு 360 மீட்டர் வேகம், 70 கிலோ ஆள். அவர் உடலுக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 4 செ.மீ.தான். ஆகவே உங்கள் பாத்திரம் நின்ற இடத்திலேயே சரிய வேண்டும்.

ஒரு பகுதியை மூன்று முறை பார்ப்பது பலன் தருகிறது. முதல்முறை சும்மா. இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு, கைகளை மட்டும்: கையுறையை எப்போது கழற்றுகிறார், எதை இரண்டாம் தடவை சரிபார்க்கிறார். மூன்றாம் முறை நோட்டுடன், எண், கைவேலை, தவறு என்று மூன்று பத்தி போட்டு. ஐந்தாறு வரி தேறினால் போதும். கதைக்குள் அதில் ஒன்று போகட்டும்.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. மூன்று வாரச் சோதனையை மூன்று நிமிடமாக வெட்டியிருப்பார்கள். அந்த வேகத்தை நம்பி எழுதினால் ஆய்வகம் மந்திரவாதி கூடாரமாகிவிடும். வெற்றிடத்தில் வெடிக்கும் கலத்துக்கு ஓசை சேர்த்திருப்பார்கள். பழைய தொடர்களில் தகவலும் பழசு: 1980இல் வந்த காஸ்மோஸ் இன்றும் அருமை, ஆனால் சூரியன் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோள் 1995இல்தான் தெரியவந்தது. தமிழ் டப்பிங்கில் பில்லியனையும் மில்லியனையும் ஒரு தடவை சரிபாருங்கள். ஒரு பில்லியன் என்பது 100 கோடி. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல்மட்டக் கணக்கு. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூர்ச் சமையலறையில் அது 97 டிகிரி.

எல்லாவற்றிலும் மோசமான தொற்று, வர்ணனையாளர் குரல். அவர் நமக்காக விளக்குகிறார். ஒரே ஆய்வகத்தில் பத்து வருஷம் வேலை செய்த இருவர் வெற்றிடம் என்றால் என்ன என்று ஒருவருக்கொருவர் பாடம் நடத்த மாட்டார்கள். "பிரஷர் இன்னும் இறங்கலை சார், டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்பார் ஒருவர். பம்ப் மெதுவாகத்தான் காற்றை இழுக்கும் என்பது அதிலேயே வந்துவிட்டது.