சங்கீதம் 128 சுவர்ப் பலகை: வாங்கலாமா?

பொறையாறில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகளின் புதுமனை புகுவிழாவுக்குக் கொடுக்கத் தஞ்சாவூரில் ஒரு கடையில் பைபிளின் 128-ஆம் சங்கீத வசனங்களை வெட்டிய பலகை சொல்லி வைத்தேன். ஒன்றரை அடிக்கு ஓரடி, 650 ரூபாய்.

வீட்டில் பிரித்துப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 'உன் கைகளின் பிரயாசத்தை நீ சாப்பிடுவாய்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பிரயாணத்தை' என்று வெட்டியிருந்தார்கள். இது எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் பாடிய ஆரோகண சங்கீதம்தான், அதற்காகப் பிரயாணத்தையே சாப்பிடச் சொன்னால் எப்படி? பிரயாசம் என்றால் உழைப்பு. முப்பது வருஷம் மிஷின் மிதித்தவனுக்கு அந்த ஒரு சொல்தானே முக்கியம்! 1715-லேயே தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார்கள். அந்த ஊருக்குப் பக்கத்திலிருந்து போனவனுக்கு இப்படி ஒரு பிழை.

போன் செய்தேன். மறுபேச்சில்லாமல் வேறு செய்து கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. போய்வந்த பஸ் செலவு என்னுடையது.

எழுத்து தெளிவு, கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது. ஓரத்தில் திராட்சக்கொடி, கீழே ஒலிவமரக் கன்றுகள், இரண்டும் அந்தச் சங்கீதத்திலேயே வருகிறவைதான். என் மனைவி பார்த்துவிட்டு, "நம்ம கொல்லையில அவரைப்பந்தல்தான் இருக்கு, அதைப் போட்டிருக்கலாம்" என்றாள்.

ஒரு குறை. பலகை நிஜ மரமில்லை, மரத்தூள் அட்டை. ஐப்பசி அடைமழையில் கீழ் விளிம்பு உப்பிவிட்டது. வாங்குகிறவர்கள் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், பின்பக்கம் ஒரு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.