18 லட்சம் போன கதை: ரெடிமேட் இரும்பு ஷெட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று மாலை மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டார். "தம்பி, இதுக்கு மேல நான் ஒரு பீஸ்கூட ஏத்த மாட்டேன். நாளைக்கு இதுக்குக் கீழதான் உங்க ஆளுங்க நின்னு வேலை செய்யப் போறாங்க" என்று சொல்லிவிட்டு கிரேனைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரவெல்லாம் தூக்கம் இல்லை. எழுதுவதில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனும் நானும் ஒரு சின்னப் பட்டறை நடத்துகிறோம். இடம் போதவில்லை என்று 15 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளத்தில் ஒரு பிஇபி (ப்ரீ-இன்ஜினியர்டு பில்டிங்) ஷெட் போட முடிவு செய்தோம். காலம் (தூண்), ராஃப்டர் (தூண்களுக்கு மேலே கூரையைத் தாங்கும் சாய்வு உத்தரம்), பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), ஷீட் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே செய்து, துளை போட்டு, பெயின்ட் அடித்து லாரியில் அனுப்புவார்கள். நம் இடத்தில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டியதுதான். தொழிற்சாலைகளையும் வாங்குபவர்களையும் இணைக்கும் ஓர் இணைய வணிகத் தளத்தில் ஆள் தேடினோம். பெயரைச் சொல்லவில்லை, வழக்குப் போடும் யோசனை இருக்கிறது. 'சரிபார்க்கப்பட்ட உற்பத்தியாளர்' என்று பச்சை முத்திரை, நிறைய நட்சத்திரம். மூன்று பேரிடம் விலை கேட்டதில், எங்களுக்குச் சப்ளை செய்த இந்த ஆள் சொன்னதுதான் குறைவு. அட்வான்ஸ் 30 சதவீதம், லாரி கிளம்பும் முன் 50 சதவீதம், மீதி வேலை முடிந்த பிறகு. அந்த 80 சதவீதம்தான் 18 லட்சம். இரண்டு பேரின் பத்து வருடச் சேமிப்பு.

கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலைக்கு நேரில் போனோம். அவரே வாசலுக்கு வந்து அழைத்துப் போனார். உள்ளே சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நெருப்பு கண்ணுக்கே தெரியாது. பழுப்பு நிறத்தில் மணல் மாதிரி ஃபிளக்ஸ் கொட்டிக்கொண்டே போகும், அதற்கு அடியில் வெல்டிங் நடக்கும். அவர் குனிந்து ஃபிளக்ஸை ஒதுக்கினார். அடியில் இருந்த கசடு, வெந்த முட்டை ஓடு மாதிரி தானாகவே விட்டு வந்தது. கீழே வெல்டிங் கோடு நாடா போல ஒரே சீராக இருந்தது. "ஆறட்டும், அப்புறம் கையை வெச்சுப் பாருங்க சார்" என்றார். வைத்துப் பார்த்தேன். வழுவழுப்பு. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அந்த இடத்திலேயே நாங்கள் விழுந்துவிட்டோம். வெளியே வந்ததும் அட்வான்ஸ் அனுப்பினோம்.

அது அவருடைய தொழிற்சாலையே இல்லை. சாமான் கொண்டுவந்த லாரி டிரைவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியும். சரக்கு ஏற்றியது வேறு ஏதோ ஒரு திறந்தவெளிக் கொட்டகையில், அங்கே நாலு பேர் கையில் ஹோல்டரை வைத்துக்கொண்டு வெல்டிங் செய்துகொண்டிருந்தார்களாம்.

இந்த மாதிரி ஷெட்டில் செய்நேர்த்தி ஏன் உயிர்போகிற விஷயம் என்பது எனக்கே இந்த மூன்று வாரத்தில்தான் புரிந்தது. பழைய முறையில் ஆலையில் உருட்டிய ஐ-பீமை வாங்கிப் போடுவோம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அதன் உயரமும் கனமும் மாறாது. தேவைக்கு மேலேயே இரும்பு இருக்கும், கொஞ்சம் குறைந்தாலும் தாங்கிவிடும். பிஇபியில் அப்படி இல்லை. காலமும் ராஃப்டரும் சேரும் தோள்பட்டையில்தான் வளைவிசை அதிகம், அங்கே மட்டும் பிளேட்டை அகலமாக வெட்டுவார்கள். விசை குறையும் இடத்தில் ஒடுக்கிவிடுவார்கள். இரும்பு மிச்சமாவதே அதனால்தான். அதாவது, கழிக்கக்கூடியதையெல்லாம் டிசைன் செய்தவர் கணக்குப் போட்டு ஏற்கெனவே கழித்துவிட்டார். அதற்குப் பிறகு செய்பவர் திருடுவது மிச்சத்திலிருந்து அல்ல, நிற்கிற பலத்திலிருந்து.

எங்களிடம் திருடினார்கள். டிராயிங்கில் வெப் பிளேட் (ஐ வடிவத்தின் நடுவில் நிற்கும் தகடு) 6 மில்லிமீட்டர். வெர்னியர் வைத்துப் பார்த்தால் 5. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு மில்லிமீட்டருக்கு 7.85 கிலோ. 6 மில்லிமீட்டர் என்றால் 47 கிலோ, 5 என்றால் 39 கிலோ சொச்சம். அந்தப் பிளேட்டில் ஆறில் ஒரு பங்கு இரும்பு எங்களுக்கு வந்து சேரவே இல்லை, காசு மட்டும் முழுதாகப் போனது. 2 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இசட் பர்லின் 1.6. ஷீட் 0.50 என்று எழுதிக் கொடுத்தது பெயின்டோடு சேர்த்தே 0.45 தான் காட்டுகிறது. கேட்டால் "அது மொத்தக் கனம் சார், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்" என்கிறார். அடியில் இருக்கும் இரும்பின் கனம் வேறு, பூச்சும் பெயின்டும் சேர்ந்த கனம் வேறு. எதைச் சொல்கிறோம் என்று கொட்டேஷனில் எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான்.

பெயின்ட் விஷயம் இன்னும் மோசம். ராஃப்டரின் ஓர் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். சாம்பல் நிறப் பெயின்ட் அப்பளம் மாதிரி ஒரு துண்டாக எழுந்து வந்தது. அடியில் இரும்பு நீலமும் கறுப்புமாகப் பளபளத்தது. அது மில் ஸ்கேல், தகட்டைச் சூடாக உருட்டும்போது மேலே படியும் தோல். அதை மணல் அல்லது எஃகு மணி வீசி எடுத்துவிட்டுத்தான் பிரைமர் அடிக்க வேண்டும், எஸ்ஏ 2.5 என்று அதற்கு ஒரு தரநிலை இருக்கிறது, எங்கள் ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறது. இவர்கள் துணியால்கூடத் துடைக்கவில்லை. ஸ்கேல் உதிரும்போது மேலே இருக்கும் பெயின்டும் சேர்ந்தே போய்விடும். இரண்டு மழைக்கு அப்புறம் அங்கே துருதான்.

அடுத்தது துளைகள். 20 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 22 மில்லிமீட்டர் துளை, அதாவது விட்டுக்கொடுக்க இருப்பது மொத்தமே 2 மில்லிமீட்டர். எங்களுக்கு வந்ததில் 7 மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அவர் அனுப்பிய சூப்பர்வைசர் வந்தவுடன் கேஸ் கட்டரைக் கேட்டு வாங்கி, எங்கள் கண் முன்னாலேயே நாலு துளையைக் கொளுத்திப் பெரிதாக்கினார். ஓரமெல்லாம் பல் பல்லாக, வட்டம் போய் நீள்வட்டம். போல்ட் தலை உட்காரவே அங்கே இடம் இல்லை. மேஸ்திரி கையைப் பிடித்துத் தடுத்த பிறகுதான் நிறுத்தினார். மறுநாள் அந்த சூப்பர்வைசர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நேற்று மாலை நடந்தது இதுதான். தோள்பட்டையில் இரண்டு எண்ட் பிளேட்டும் (தூண், ராஃப்டர் முனைகளில் வெல்டிங் செய்த, போல்ட் போடும் தகடுகள்) முகத்தோடு முகம் ஒட்டி நிற்க வேண்டும். வெல்டிங் சூட்டில் வளைந்த பிளேட்டை நிமிர்த்தாமலே அனுப்பியிருக்கிறார்கள். எட்டு போல்ட்டையும் முறுக்கி முடித்த பிறகு மேஸ்திரி தன் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். இடுக்கில் வைத்து லேசாகத் தள்ளினார். போகிறது, போகிறது, பாதிப் பிளேட்வரை போகிறது. மறுபக்கத்தில் இருந்து பார்த்தால் வெளிச்சம் தெரிகிறது. உடனே சப்ளையருக்கு ஃபோன் போட்டேன். "இன்னும் நல்லா முறுக்கச் சொல்லுங்க சார், சேர்ந்துடும்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அவர் சொன்ன சாக்குகளை வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே கோபம் வரும். முதலில் லாரியில் வரும்போது வளைந்திருக்கும் என்றார். துளை எப்படி லாரியில் நகரும் என்று கேட்டேன். அப்புறம், ஃபவுண்டேஷன் போல்ட்டை நாங்கள்தான் தப்பாக வைத்துவிட்டோமாம். அவரே அனுப்பிய டெம்ப்ளேட்டை வைத்துத்தான் கான்கிரீட் போட்டோம்; டேப் பிடித்து எடுத்த படங்கள் எல்லாம் அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. பிறகு இன்ஜினியர் வெளியூர், இன்ஜினியருக்குக் காய்ச்சல், இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டார். போன வாரம் எடுத்த ஒரே ஃபோனில், "பேலன்ஸ் 20 சதவீதத்தைப் போட்டு விடுங்க சார், ஆளை அனுப்பி எல்லாத்தையும் சரி பண்ணித் தர்றேன்" என்றார். 18 லட்சம் வாங்கியவர் சொல்கிறார் இதை! அட்வான்ஸ் கேட்ட நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை "சாப்பிட்டீங்களா சார்" என்று கேட்ட அதே குரல்.

அந்த இணையத் தளம் அவருக்குச் சற்றும் குறைந்ததில்லை. புகார் எண் கொடுத்தார்கள். ஐந்து நாள் கழித்து, 'நாங்கள் இரு தரப்பையும் இணைப்பவர்கள் மட்டுமே, பரிவர்த்தனைக்குப் பொறுப்பல்ல' என்று ஒரு மின்னஞ்சல். அப்படியானால் சரிபார்த்ததாகப் போட்ட முத்திரை எதற்கு, எதைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். அதே மின்னஞ்சலை மறுபடி அனுப்பினார்கள். அந்த ஆளின் பக்கம் இப்போதும் அப்படியே இருக்கிறது, பச்சை முத்திரையோடு. இன்று வேறு யாரோ அவருக்கு ஃபோன் செய்துகொண்டிருப்பார்கள். அதனால்தான் இதை அவசரமாக எழுதுகிறேன்.

இன்னொன்று. இரும்பின் தரத்துக்கு மில் டெஸ்ட் சர்டிஃபிகேட் (ஆலை தரும் பரிசோதனைச் சான்று) என்று இரண்டு பக்கம் அனுப்பியிருந்தார். நேற்று இரவுதான் வரி வரியாகப் படித்தேன். அதில் இருப்பது 10, 12 மில்லிமீட்டர் தகடு. எங்கள் வெப் பிளேட்டுக்கு ஒரு காகிதமும் இல்லை. அதில் போட்டிருக்கும் ஹீட் நம்பரை (ஆலையில் எந்த உருக்கில் வந்த இரும்பு என்று காட்டும் எண்) டார்ச் அடித்து ஒவ்வொரு பீஸிலும் தேடினோம். ஒன்றில்கூட இல்லை. யாருடைய இரும்புக்கோ வந்த சர்டிஃபிகேட்.

வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு அதில் ஓடவில்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். தொழிற்சாலையைக் காட்டினால் போதாது. உங்கள் பீஸ், உங்கள் மார்க் நம்பரோடு (டிராயிங்கில் ஒவ்வொரு பீஸுக்கும் போட்ட எண்) அங்கே ஓடும் நாளில் சொல்லாமல் போய் நில்லுங்கள். இரண்டாவது தவணையை, நீங்களோ உங்கள் இன்ஜினியரோ கனத்தை அளந்த பிறகு மட்டும் கொடுங்கள். ஒரு ஃபிரேமையாவது (தூண்களும் ராஃப்டரும் சேர்ந்த சட்டகம்) அங்கேயே தரையில் படுக்கவைத்து போல்ட் போட்டுச் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். துளை தள்ளிப் போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஷீட்டுக்கு இரும்பின் கனம் தனியாக, பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று தனியாக எழுதி வாங்குங்கள். எடைமேடைச் சீட்டைப் படமாக வாங்காதீர்கள், உங்கள் பக்கத்தில் ஒரு முறை நீங்களே எடை போடுங்கள். நான் போடவில்லை.

மூன்று பேரில் விலை அதிகம் சொன்னவரிடம் நேற்று பேசினேன். அவர் சொன்ன எடைக்கும் இவர் சொன்ன எடைக்கும் வித்தியாசம் இருந்ததை அன்றே சொன்னாராம். ஆமாம், சொன்னார். விலையைக் கூட்டப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டோம்.

நாளைக் காலை வெளியிலிருந்து ஓர் இன்ஜினியர், ஒலியலையால் இரும்பைச் சோதிக்கும் அல்ட்ராசோனிக் மீட்டரோடு வருகிறார். நின்றிருக்கும் இரண்டு ஃபிரேமையும் இறக்க வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஃபிரேம் சாயாமல் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் பிரேசிங் ராடுகூட முழுதாக வரவில்லை, கம்பிக் கயிற்றில்தான் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறோம். இப்போது காற்று பலமாகிறது. அண்ணன் ஏற்கெனவே போய்விட்டான், நானும் கயிற்றைப் பார்க்கப் போகிறேன்.