அஃபிலியேட் லிங்க்: வாடகை விலாசமா, சொந்த விலாசமா?

போன ஆடி மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். "ஆச்சி, நீங்க போட்டிருந்த பணியாரக்கல் லிங்க்கைத் தொட்டா வேற என்னமோ விளம்பரம் வருதே, கல்லைக் காணோமே?"

காரைக்குடியில் இருந்துகொண்டு ஆறு வருடமாகச் செட்டிநாட்டுப் பலகாரங்களைப் பற்றி எழுதுகிறேன், வீடியோவும் போடுகிறேன். பணியாரக்கல், தேன்குழல் அச்சு, இரும்புச் சட்டி என்று நான் புழங்கும் சாமான்களுக்கு அஃபிலியேட் லிங்க் கொடுப்பேன். யாராவது அதன் வழியாக வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் வரும். அன்று திறந்து பார்த்தால், லிங்க்கைச் சுருக்க நான் பயன்படுத்திய ஓர் இலவச சேவை நடுவில் தன் விளம்பரப் பக்கத்தைச் செருகியிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ! அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, லிங்க் கொடுப்பதற்கு இருக்கும் மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் மூன்றாவதான சொந்த டொமைனுக்கு, அதாவது என் பெயரில் பதிவு செய்த இணைய விலாசத்துக்கு மாறிவிட்டேன், அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

முதல் வழி, கடை கொடுக்கும் நீள லிங்க்கை அப்படியே போடுவது. செலவில்லை, நடுவில் யாரும் இல்லை. பத்து லிங்க் வைத்திருப்பவருக்கு இதுவே போதும். ஆனால் உங்கள் அடையாளம் அந்த நீள வாலில்தான் இருக்கிறது. அமேசான் இந்தியா லிங்க்கில் -21 என்று முடியும் டேக், அதாவது உங்கள் குறியீடு அது. வாசகர் வாட்ஸ்அப்பில் பிறருக்கு அனுப்பும்போது வாலை வெட்டிவிட்டால் பொருள் பக்கம் சரியாகவே திறக்கும், கமிஷன் மட்டும் வராது.

இரண்டாவது, இலவசச் சுருக்கி. பார்க்க அழகு, எத்தனை பேர் தொட்டார்கள் என்ற கணக்கும் கிடைக்கும். ஆனால் அந்த விலாசம் உங்களுடையது இல்லை. கூகுள் நடத்திய சுருக்கி சேவையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சோடு புதிய லிங்க் உருவாக்குவதை நிறுத்தினார்கள். பழைய லிங்க்குகளும் 2025 ஆகஸ்ட் 25க்குப் பிறகு வேலை செய்யாது என்று 2024இல் அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் புழக்கத்தில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால் மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்ல?

எங்கள் பக்கம் விலாசம் என்றால் வீட்டு முகவரி மட்டும் இல்லை. பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போன காலத்தில் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துத் தொழிலுக்கு வைத்த பெயருக்கும் விலாசம் என்றுதான் பெயர். கடை இருக்கும் தெரு மாறலாம், கடையில் இருக்கும் ஆள் மாறலாம், விலாசம் குடும்பத்தோடு இருக்கும். சொந்த டொமைனை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இந்த மூன்றாவது வழி இப்படி வேலை செய்கிறது. என் டொமைன் பெயர், ஒரு சாய்கோடு, அப்புறம் பொருளின் பெயர்: இதுதான் நான் வெளியே கொடுக்கும் லிங்க். அதைத் தொட்டால் கடையின் நீள லிங்க்குக்கு ரீடைரக்ட் ஆகும், அதாவது தானாகத் திருப்பிவிடும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளம் வைத்திருந்தால் பிரிட்டி லிங்க்ஸ், தர்ஸ்டி அஃபிலியேட்ஸ் போன்ற பிளகின்கள் (அதில் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள்) இதைச் செய்யும். அடிப்படை வசதிகள் இலவசம்.

அழகும் கணக்கும் சுருக்கியிலும் கிடைக்கும். என்னை மாற்றியது பராமரிப்பு. லிங்க் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடுகிற பொருள் இல்லை. விற்பவர் சரக்கை நிறுத்துவார், கடை பக்கத்தையே எடுத்துவிடும், அஃபிலியேட் திட்டம் வேறு கைக்கு மாறும். தீபாவளிக்கு முன்பு நான் சிபாரிசு செய்திருந்த இரும்புச் சட்டி விற்பனையிலிருந்து போய்விட்டது. அதன் லிங்க் 43 பதிவுகளிலும் 20க்கு மேற்பட்ட வீடியோ விவரக் குறிப்புகளிலும் இருந்தது. பழைய முறையாக இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து, தேடி, மாற்றி, சேமித்து இரண்டு ராத்திரி போயிருக்கும். எங்காவது இரண்டு விட்டும் போயிருக்கும். இப்போது ஒரே இடத்தில் வேறு சட்டியின் லிங்க்கைப் போட்டேன், எல்லா இடத்திலும் மாறிவிட்டது. அடுப்பில் பால் பொங்குவதற்குள் வேலை முடிந்தது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ரீடைரக்ட் வகை கேட்கும்போது 301 என்று கொடுக்காதீர்கள். அது நிரந்தர மாற்றம் என்று பொருள், உலாவி (பிரவுசர்) அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் பிறகு இலக்கை மாற்றினாலும், முன்பே வந்தவரைப் பழைய செத்த பக்கத்துக்கே கொண்டுபோகலாம். என் போனிலேயே இதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தற்காலிக மாற்றம் என்று பொருள்படும் 302க்கு மாற்றினேன். 307ம் சரி.

அமேசான் விஷயம் தனி. லிங்க் எங்கே போகிறது என்று தெரியாதபடி மறைப்பதை அவர்கள் விதி அனுமதிப்பதில்லை. கணக்கையே மூடிவிட்டால் எல்லாமே போச்சு. அதனால் அமேசான் பொருளுக்கு நான் ரீடைரக்ட் வைப்பதில்லை. பொருளுக்கு ஒரு சிறு பக்கம் என் தளத்திலேயே எழுதி, அதில் அமேசானின் நேர் லிங்க்கை வெளிப்படையாக வைத்திருக்கிறேன். பதிவுகளும் வீடியோக்களும் அந்தப் பக்கத்தைக் காட்டும். மாற்ற வேண்டியது அப்போதும் ஒரே இடம்தான். வாசகருக்கு ஒரு தட்டு கூடுகிறது, அதில் சிலர் நழுவத்தான் செய்வார்கள். ஆனால் கல்லின் எடை, குழியின் ஆழம், எப்படிப் பழக்குவது எல்லாம் அங்கே இருப்பதால் படித்துவிட்டுப் போகிறவர் வாங்கும் எண்ணத்தோடுதான் போகிறார்.

மூன்று வழியுமே காப்பாற்றாத இடங்களும் உண்டு. பெரும்பாலான திட்டங்களில் கடைசியாக யாருடைய லிங்க் தொடப்பட்டதோ அவருக்குத்தான் கமிஷன். பணம் கட்டும் நேரத்தில் கூப்பன் தேடித் தரும் உலாவி நீட்சி (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்) ஒன்று தன் குறியீட்டை நுழைத்தால் உங்கள் பெயர் அழிந்துவிடும். பயனருக்குப் பலன் எதுவும் தராமல் நீட்சிகள் இப்படி நுழைக்கக் கூடாது என்று கூகுளின் குரோம் உலாவி 2025இல் விதியை இறுக்கியது, அது ஓரளவு உதவும். இன்ஸ்டாகிராமுக்கு உள்ளேயே திறக்கும் உலாவியில் பார்த்துவிட்டு, பிறகு கடையின் ஆப்பைத் தனியாகத் திறந்து வாங்குகிறவரின் கமிஷனும் பெரும்பாலும் வராது.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் என் வாசகர்களில் நிறைய. நாடு பார்த்து அந்தந்த ஊர்க் கடைக்கு அனுப்பும் ஜீனியஸ்லிங்க் போன்ற கட்டண சேவைகள் அவர்களுக்குப் பொருந்தலாம். நான் ஒரு மாதம்தான் அப்படி ஒன்றைப் பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்து வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன்.

சொந்த டொமைனுக்கும் ஓர் ஆபத்து உண்டு: வருடக் கட்டணம் கட்ட மறந்தால் அத்தனை லிங்க்கும் ஒரே நாளில் சாகும். நான் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டு, முடியும் தேதியை வீட்டு வரவு செலவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.