கடிச்ச நாயை 10 நாள் பாக்கறதா, உடனே ஊசியா?

நாய் கடிச்சா வீட்ல ரெண்டு பேச்சு வரும், ஒண்ணு நாயை 10 நாள் பாத்துட்டு அப்புறம் ஊசி போடலாம்னு, இன்னொண்ணு உடனே போடணும்னு. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான், ஏன்னா ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்தறது கிட்டத்தட்ட முடியாத காரியம், காத்திருந்து பாக்க இது காய்ச்சல் இல்லைங்க.

அதுக்காக 10 நாள் கணக்கு சும்மா வந்தது இல்ல. எச்சில்ல வைரஸ் இருக்கற நாயோ பூனையோ கொஞ்ச நாள்லயே நோய் முத்தி செத்துடும், அதனால 10 நாள் கழிச்சும் அது நல்லா இருந்தா கடிச்சப்போ வைரஸ் பரவலன்னு அர்த்தம். ஆனா இது நாய், பூனைக்குத்தான், வௌவால், குரங்குக்கெல்லாம் செல்லாது. தெருநாய்னா மறுநாள் எங்க போய் தேடுவீங்க?

ரெண்டையும் சேத்தே செய்யலாம், முதல் நாளே ஊசிய ஆரம்பிச்சுட்டு நாயையும் கவனிங்க, அது நல்லா இருந்தா மிச்ச ஊசிய நிறுத்தலாமான்னு டாக்டர் சொல்வார். நாய்க்கு ஊசி போட்ருக்குன்னு அதோட ஓனர் சொன்னாலும் அத மட்டும் நம்பி விட்டுடாதீங்க.

எப்படி இருந்தாலும் முதல்ல சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள், மிளகாப்பொடி எதுவும் வேண்டாம். ரத்தம் வர்ற கடின்னா தடுப்பூசி மட்டும் பத்தாது, காயத்துலயே போடற இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கற ரெடிமேட் எதிர்ப்பு மருந்து) கேளுங்க.