வெளிச்சமான கூடத்துக்கு எந்த டிவி?

கடைச் சுவரில் வரிசையாக எரியும் டிவிகளின் கீழ் எல்இடி, கியூஎல்இடி, ஓஎல்இடி என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்றும் ஒரே பொருளின் படிநிலைகள் என்றே தோன்றும். உண்மையில் முதல் இரண்டும் ஒரே வகை. எல்இடி டிவி என்பது பின்னால் எல்இடி விளக்குகள் எரியும் எல்சிடி (தானாக ஒளிராத திரவப் படிகத்) திரைதான். அதில் குவாண்டம் புள்ளிகள் எனப்படும், ஒளி பட்டால் தூய நிறம் தரும் நுண்துகள்கள் கொண்ட படலம் ஒன்றைச் சேர்த்து நிறங்களைக் கூர்மையாக்கினால் அது கியூஎல்இடி ஆகிறது. ஓஎல்இடி மட்டுமே தனிச் சாதி: பின்விளக்கு கிடையாது, 4கே திரையிலுள்ள ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகளில் ஒவ்வொன்றும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது.

விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி ஒன்றைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் அறைகிறது. சாதாரண எல்இடி திரையில் இருட்டு, சாம்பல் பூத்த கறுப்பாக இருக்கும்; ஓஎல்இடியில் அது மையிருட்டு. இரண்டுக்கும் நடுவே நிற்பது மினி எல்இடி. சிறு விளக்குகளைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தேவையான இடத்தில் மட்டும் மங்கச் செய்வதால் கறுப்பு நன்றாக ஆழ்ந்துவிடுகிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் ஓடும்போது மட்டும் எழுத்தைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரியலாம்.

அப்படியானால் பணம் இருப்பவர் ஓஎல்இடியை வாங்கிவிட வேண்டியதுதானே என்றால், நான் தயங்குவேன். எங்கள் வீட்டில் முன்பு, படப்புள்ளிகள் தாமே ஒளிரும் பழைய வகையான பிளாஸ்மா டிவி இருந்தது. அதில் காலை முதல் இரவு வரை செய்திச் சேனல் ஓடிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில், படம் எதுவாக இருந்தாலும் அடிப்பகுதியில் செய்திப் பட்டையின் விளிம்பும் வலது மூலையில் சேனல் முத்திரையின் நிழலும் நிலையாகத் தெரிந்தன. பிளாஸ்மா 2014-ஆம் ஆண்டோடு ஏறக்குறைய வழக்கொழிந்தது. ஆனால் அசையாத உருவம் திரையில் பதிந்துபோகும் அந்த அபாயம் ஓஎல்இடியிலும் உண்டு. தற்காப்பு ஏற்பாடுகள் பெருகியிருந்தாலும், நாளெல்லாம் ஒரே சேனல் ஓடும் வீட்டுக்கு, அதுவும் பகல் வெளிச்சம் நேராக விழும் கூடத்துக்கு, அந்த வெளிச்சத்துக்கு ஈடுகொடுத்து ஒளிரும் மினி எல்இடியே பொருத்தம் என்பது என் முடிவு. இரவில் மட்டும் படம் பார்ப்பவர்கள் தயங்காமல் ஓஎல்இடி வாங்கலாம்.

எல்சிடி வகைக்குள்ளேயே விஏ, ஐபிஎஸ் என்று இன்னொரு பிரிவு உண்டு. விற்பனையாளர்கள் அதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. விஏ திரைகளில் கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் திரைகளில் இது நேர்மாறு. சோபாவில் இருவர், கீழே பாயில் நால்வர் என்று பரவி உட்காரும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

பிராண்டைப் பொறுத்தவரை, சோனியின் பலம் படத்தைச் செப்பனிடும் விதம். செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் தெளிவு குறைந்த சேனல்களைப் பார்ப்பவர்களுக்கு அது பெரிதும் உதவும், விலை மட்டும் கூடுதல். காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் டால்பி விஷன் முறையை சாம்சங் தன் டிவிகளில் சேர்க்காமல், அதன் போட்டி முறையான எச்டிஆர்10+-ஐயே நம்புகிறது. ஓடிடியில் டால்பி விஷனில் வரும் படங்களைப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எல்ஜிக்கு ஓஎல்இடியில் நீண்ட அனுபவம் உண்டு. டிசிஎல், ஹைசென்ஸ் இரண்டும் மினி எல்இடியை எட்டும் விலைக்குக் கொண்டுவந்தவை. ஆனால் வாங்கும் முன், உங்கள் ஊரில் சர்வீஸ் எப்படி என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுங்கள்.

கடையில் டிவிகளைக் கண்ணைப் பறிக்கும் அமைப்பிலேயே ஓடவிட்டிருப்பார்கள். அதை சினிமா அமைப்புக்கு மாற்றச் சொல்லி, மனித முகம் அருகில் வரும் காட்சி ஒன்றைப் பாருங்கள்; பிறகு நான்கடி பக்கவாட்டில் நகர்ந்து, தயங்காமல் தரையில் உட்கார்ந்தும், அதே முகத்தை மறுபடி பாருங்கள்.