அளவு தவறிய ரோடு பைக்கை எந்த ஃபிட்டிங்கும் காப்பாற்றாது

நான்கு மாதத்துக்கு முன் சென்னையில் ஒரு கடையில் என் முதல் ரோடு பைக்கை, அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிளை, வாங்கினேன். என் உயரம் 166 சென்டிமீட்டர். கடையில் இருந்ததோ 56 சென்டிமீட்டர் அளவு ஃபிரேம் (சைக்கிளின் சட்டகம்) மட்டும்தான். "கொஞ்சம் பெரிசா தெரியும் சார், ஃபிட்டிங்ல சரி பண்ணிடலாம்" என்றார்கள். சீட்டையும் ஹேண்டில்பாரையும் ஓட்டுகிறவரின் உடம்புக்கு ஏற்றபடி அமைத்துத் தரும் அந்த ஃபிட்டிங்குக்குத் தனியாக 3,500 ரூபாய். நம்பிக் கொடுத்தேன்.

அந்த ஃபிட்டிங் பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. டேப் எடுத்து யாரும் என் காலை அளக்கவில்லை. உட்கார்ந்தபடியே கால் தரையில் படும் அளவுக்கு சீட்டை இறக்கினார்கள். ஹேண்டில்பார் எட்டவில்லை என்றதும் சீட்டை முன்னால் தள்ளி, அதன் மூக்கையும் கீழே சாய்த்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் போய்ச் சேர்வதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். வீடு திரும்பினால் மாடிப்படி ஏறும்போது முழங்காலின் முன்பக்கம் குத்தும். போகப் போகப் பழகிவிடும் என்று கடையில் சொன்னதை நம்பி ஆறு வாரம் வலியோடு ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்னும் கோபம் வருகிறது.

கடைசியில், பல வருடமாக நீண்ட தூரம் ஓட்டும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னை வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிற்க வைத்தார். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே நிமிர்த்தி, கவட்டில் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, அதன் மேல்விளிம்பில் பென்சிலால் கோடு போட்டார். தரையிலிருந்து 76 சென்டிமீட்டர். அதை 0.883 ஆல் பெருக்கினால் 67. பெடல் தண்டுகள் இரண்டும் சேர்ந்து சுழலும், ஃபிரேமின் அடியில் உள்ள அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை ஏறக்குறைய அவ்வளவு வர வேண்டும். என் சைக்கிளில் இருந்தது 64.5. சீட் தாழ்ந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முன்பக்கம் வலிக்கும். மூக்கு கீழே சாய்ந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுக்க உள்ளங்கையில் விழும். விரல் மரத்ததற்குக் காரணம் அதுதான்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு கம்பிகளையும் காட்டினார். முன்னால் தள்ள இடமே இல்லாமல் கடைசிவரை தள்ளியிருந்தார்கள். கை எட்டுவதற்காக சீட்டை நகர்த்தக் கூடாது, அது காலுக்கான அளவு, கைக்கு ஸ்டெம்மைத்தான், அதாவது ஹேண்டில்பாரை சைக்கிளோடு இணைக்கும் துண்டைத்தான், மாற்ற வேண்டும் என்றார். அப்புறம் சீட்டை உயர்த்தி, பின்னால் தள்ளி, மட்டமாக்கி, 110 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 80 போட்டோம்.

முழங்கால் வலி இரண்டே வாரத்தில் போய்விட்டது. ஆனால் 50 கிலோமீட்டர் தாண்டினால் விரல் இன்னும் மரத்துப்போகிறது. ஃபிரேமின் நீளத்தைக் குறைக்க முடியாதே! கடைக்குப் போய்க் கேட்டேன். ஓட்டிய வண்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், ஃபிட்டிங் பணமும் வரவில்லை.

தயவுசெய்து, புதிதாக வாங்குகிறவர்கள் வீட்டிலேயே கவட்டு உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஃபிட்டிங் என்று பணம் கேட்டால், ஷூவோடு ட்ரெயினரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கி) ஏற்றி மிதிக்க வைத்து முழங்கால் மடிப்பை அளப்பார்களா என்று முதலில் கேளுங்கள். உங்கள் அளவு கையிருப்பில் இல்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். என் 56 இப்போது விற்பனைக்கு இருக்கிறது. வாங்க வருகிறவரின் உயரத்தைக் கேட்ட பிறகுதான் விலையே பேசுகிறேன்.